முகமில்லாத உருவப்படம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியம், சைவ சித்தாந்தம், மிஞ்சினால் கல்வெட்டு என்று போவதுதான் வழக்கம். இந்த ஆண்டு ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். அதிலும் விண்வெளியைப் பார்த்து வரைந்து, அந்த வரைதலின் வழியே தங்களையும் தேடிக்கொண்ட ஓவியர்களைப் பற்றி. 'முந்திரிக்கு விலையைக் காணோம், இதில் விண்வெளி ஒன்றுதான் குறைச்சல்' என்று பின்வரிசையில் யாராவது நினைத்தால் அதில் தப்பில்லை. ஆனால் நம் மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போய்க் கிழக்கே திரும்பினால் வடலூர். தென்கிழக்கே போனால் சிதம்பரம். வானத்தையும் மனிதனையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காட்டும் இரண்டு இடங்கள் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. வெளியூர்க்காரர்களைவிட நமக்கு இந்தப் பேச்சு சுலபமாகப் பிடிபடும்.

பள்ளி ஓவியப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்களுக்கு ஒரு படம் நன்றாகப் பழக்கமாகியிருக்கும். சார்ட் அட்டை முழுக்கக் கறுப்பு போஸ்டர் கலர். அது காய்வதற்குள் ஸ்பாஞ்சில் ஊதாவும் நீலமும் தொட்டு ஒத்தி எடுத்திருப்பார்கள். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வெள்ளையில் நனைத்து, கட்டைவிரலால் முள்ளைப் பின்னுக்கு இழுத்து விட்டால் நட்சத்திரங்கள் தெறித்து விழும். மூலையில் வளையத்தோடு ஒரு சனி. நடுவில் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஓர் உருவம், தலைமுடி காற்றில் பறக்கும். கீழே 'என்னைத் தேடி' என்று ஒரு தலைப்பு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பரிசும் வாங்கும். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீராது: இந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது? எந்த ஊர் வானம் இது?

கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். வானம் எல்லோருக்கும் பொது, ஊருக்கு ஊர் வேறா என்று கேட்பீர்கள். வேறுதான். இன்று இரவு மொட்டைமாடிக்குப் போய் உளுந்தூர்பேட்டைச் சாலைப் பக்கமாக, அதாவது வடக்கே திரும்பி நில்லுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி, அதற்கு மேல் கொஞ்சம். அங்கேதான் துருவ நட்சத்திரம். நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பதினொன்றரைப் பாகை அளவில் இருப்பதால் துருவமும் அந்த உயரத்திலேயே நிற்கிறது. தென்னந்தோப்பும் புழுதியும் அதை மறைக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். லண்டன்காரருக்கு அது ஐம்பது பாகைக்கும் மேலே நிற்கும். ஆனால் அவர் ஊரில் நின்றால் அகத்திய நட்சத்திரம் என்று நாம் சொல்லும் தெற்கத்தி வெள்ளி ஆயுசுக்கும் கண்ணில் படாது. நமக்குத் தை, மாசி இரவுகளில் தெற்கே பளிச்சென்று தெரியும். ஒரு நட்சத்திரத்தைச் சரியான உயரத்தில் வைத்து வரைந்தாலே போதும், ஓவியர் தன் ஊரையும் வரைந்தவர் ஆகிறார். பிரஷ்ஷில் தெறித்த நட்சத்திரங்களுக்கு இந்த விலாசம் இல்லை. நான் இன்று சொல்ல வந்ததும் இதையொட்டித்தான். விண்வெளியை வரைவது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதற்குள் பார்க்கிறவர் நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டால் அங்கே தன்னை அறியும் வேலை தொடங்கிவிடுகிறது.

அந்த ஊதாவும் நீலமும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து. 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தைப் பாடப்புத்தகத்தில், காலண்டரில், செல்பேசித் திரையில் எங்காவது பார்த்திருப்பீர்கள். சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வாயு மேகம் அது. கருவி பிடித்தவை எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் ஒரு தனிமத்தின் ஒளியைப் பிடித்து, பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். ஹைட்ரஜனின் அந்த ஒளி நிஜத்தில் சிவப்பு. ஆனால் கந்தகத்தினதும் சிவப்பு. இரண்டையும் சிவப்பாகவே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதால் ஒன்றைப் பச்சையாக்கினார்கள். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. விஞ்ஞானிகள் இதை ஒளிக்கவும் இல்லை. 2022 ஜூலையில் வெளிவந்த ஜேம்ஸ் வெப் படங்களிலும் இதே சங்கதிதான். அவை கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு ஒளியை நம் கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றியவை. நீங்கள் சிறிய தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைப் பார்த்தால் தெரிவது சாம்பல் நிறப் புகைத் திட்டு. மங்கிய ஒளியில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஆகவே சார்ட் அட்டையில் ஊதா பூசும் பிள்ளை வானத்தைப் பார்த்து வரையவில்லை. யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக எடுத்த நிறமுடிவைப் பார்த்து, காரணத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நேரில் போய்ப் பார்த்தவர்கள் எப்படி வரைந்தார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறேன்.

அலெக்சி லியோனவ், சோவியத் விண்வெளி வீரர். 1965 மார்ச் 18 அன்று வோஸ்கோத்-2 கலத்திலிருந்து வெளியே வந்து 12 நிமிடங்கள் மிதந்தார். மனிதர் ஒருவர் விண்வெளியில் கலத்தை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. உடை காற்றில் உப்பிப்போய்த் திரும்பி உள்ளே நுழைய முடியாமல், உடையிலிருந்த காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தார். இதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அவர் கையோடு வண்ணப் பென்சில்கள் கொண்டுபோயிருந்தார். எடையற்ற இடத்தில் பென்சில் பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றையும் நூலில் கட்டி வைத்திருந்தார். கலத்துக்குள்ளிருந்தபடி சூரியன் உதிப்பதை ஒரு சின்னத் தாளில் வரைந்தார். விண்வெளியில் வரையப்பட்ட முதல் படம் அது. அதில் அண்டமும் இல்லை, நெபுலாவும் இல்லை. பூமியின் வளைந்த விளிம்பு, அதன்மேல் மெல்லிய பட்டை பட்டையாகச் சில நிறங்கள். சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிய ஆள், எட்டாத தூரத்தை வரையாமல், தான் திரும்பிப் போகவேண்டிய இடத்தின் ஓரத்தை வரைந்திருக்கிறார்.

இன்னொருவர் ஆலன் பீன். 1969 நவம்பரில் அப்பல்லோ-12இல் நிலவில் நடந்த நான்காம் மனிதர். 1981இல் நாசாவை விட்டு வந்து, 2018இல் சாகும்வரை ஓவியராகவே இருந்தார். நிலவு சாம்பல், வானம் கறுப்பு. உள்ளதை உள்ளபடி வரைந்தால் வண்ணத்துக்கு வேலையே இல்லை. பீன் பல வருஷம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் நிலவுக்கு ஆரஞ்சும் ஊதாவும் பச்சையும் பூசினார். பொய் என்று சொல்லலாம். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்தையும் சேர்த்துப் பாருங்கள். பலகையில் தடித்த பசையைப் பூசி, அது காய்வதற்குள் நிலவில் தான் பயன்படுத்திய சுத்தியலால் அதைக் கொத்தினார். நிலவுக் காலணி ஒன்றின் அச்சை அதில் பதித்தார். தன் விண்வெளி உடையில் ஒட்டியிருந்த சின்னங்களில் நிலவுத் தூசி அப்பியிருந்தது. அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி வண்ணத்தோடு கலந்தார். நிறம் அவருடைய மனம், அடித்தளம் அவர் நின்ற மண். ஓவியமாகப் பார்த்தால் பீன் பெரிய ஓவியர் என்று நான் சொல்லமாட்டேன். பல படங்கள் பத்திரிகைச் சித்திரத்தைத் தாண்டவில்லை. ஆனால் 'நான் இங்கே நின்றேன்' என்பதை இவ்வளவு பச்சையாகப் படத்துக்குள் கொண்டுவந்தவர் வேறு யாரும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். சிதம்பரம் என்றதும் ஜெனீவாவில் துகள் ஆய்வுக்கூடமான சேர்ன் வளாகத்தில் 2004இல் வைத்த நடராசர் சிலையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது பேச்சாளர்கள் வழக்கம். அதை இன்றைக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் திரை. நடராசரின் வலப்பக்கம், நமக்கு இடப்பக்கம், திரையை விலக்கித் தீபம் காட்டுவார்கள். சுவர். அதில் தங்க வில்வ மாலைகள் தொங்கும். அவ்வளவுதான். பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது இது. ஆகாயத்தை உருவமாகக் காட்டு என்று ஒரு கைவினைஞரிடம் சொன்னால் என்ன செய்வார்? நம்மாட்கள் ஒன்றையும் வரையாமல் சுவரை விட்டுவிட்டு, மாலையை மட்டும் மாட்டினார்கள். மாலை இருப்பதால்தான் அங்கே கழுத்து இல்லை என்பது தெரிகிறது. காலியிடத்தைக் காட்ட ஒரு விளிம்பு வேண்டும் என்பதை ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதே நடராசர் சபையின் பொற்கூரையில் 21,600 ஓடுகள், அவற்றைப் பொருத்தியிருப்பவை 72,000 ஆணிகள் என்று சொல்வது மரபு. ஏறி எண்ணியவரை நான் சந்தித்ததில்லை. எண்ணிக்கை முக்கியமில்லை, எண் முக்கியம். 21,600 என்பது ஒரு நாளில் மனிதர் விடும் மூச்சு. நிமிடத்துக்கு 15, நாழிகைக்கு 360. இதுவரை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஆனால் அதே எண் வானத்துக்கும் உரியது. வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை. பெருக்கினால் 21,600 கலை. இது தற்செயல் இல்லை. ஆரியபட்டரின் நூலிலேயே, கி.பி. 499 காலத்துக் கணக்கில், ஒரு மூச்சு நேரத்துக்கு ஒரு கலைச் சுழற்சி என்று வருகிறது. அதிலும் சுழல்வது பூமி என்று சொன்னவர் அவர். நம் கணக்கில் ஒரு மூச்சு 4 விநாடி. நீங்கள் ஒரு தடவை மூச்சு விட்டால் வானம் ஒரு கலை நகர்ந்திருக்கும். பழைய கணிதர்கள் விண்ணை அளக்கும் கோலை மனித மூக்கிலிருந்து எடுத்தார்கள். கூரையில் அந்த எண்ணை வைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்று கேட்டால், தெரியாமல் எப்படி வைத்திருப்பார்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

வடலூருக்கு இங்கே யாருக்கும் வழி சொல்லத் தேவையில்லை. தைப்பூசத்துக்குப் போகாத குடும்பம் இந்த வட்டாரத்தில் எத்தனை இருக்கும்? வள்ளலார் 1867இல் தருமச்சாலையைத் தொடங்கி, 1872 ஜனவரியில் சத்திய ஞான சபையைத் திறந்தார். ஓவியக்காரர் கண்ணோடு அந்தச் சபையைப் பாருங்கள். கண்ணாடி, விளக்கு, அவற்றுக்கு முன் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்குவார்கள். தைப்பூசத்தில் ஏழும் விலகும். திரை ஒவ்வொன்றும் ஒரு சக்தி, ஆன்மாவை மறைத்திருக்கும் அறியாமை என்று விளக்கம் உண்டு. அதை என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எனக்கு வியப்பு, நிறங்களுக்கு அங்கே கொடுத்திருக்கும் வேலை. ஓவியர் நிறத்தைப் பூசிக் காட்டுகிறார். வள்ளலார் நிறத்தை விலக்கிக் காட்டினார். அந்த நாளின் வானக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூரியன் மகரத்தில், பூசத்துச் சந்திரன் எதிரே கடகத்தில். காலையில் கிழக்கே சூரியன் எழும்போது மேற்கே முழுநிலவு இன்னும் இறங்கியிருக்காது. நடுவில் சபையில் விளக்கு. இரண்டு வான விளக்குகளுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் இடையில் ஒரு பெரும் கூட்டம் தலையை நீட்டி நிற்கிறது, அதில் நாமும் ஒருவர். நிற்கும் இடம் இவ்வளவு துல்லியமாகக் குறிக்கப்பட்ட விண்வெளிச் சித்திரம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி நம் வீட்டுக்குள்ளேயே வருகிறேன். பீரோவில் துணிக்கு அடியில், மஞ்சள் தடவிய நோட்டில் இருக்கும் ஜாதகம். எனக்கு ஜோதிடத்தில் நம்பிக்கை இல்லை. இருக்கிறவர்களோடு இன்று சண்டைக்கும் வரவில்லை. பலனை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்போம். சதுரத்துக்குள் பன்னிரண்டு கட்டம், நடுவில் நாலு கட்டம் அளவுக்கு வெற்றிடம், அதில் 'ராசி' என்று ஒரு சொல். மேல்வரிசை இடது மூலையில் மீனம், அடுத்தது மேஷம், அப்படியே வலம் சுற்றிவரும். சூ, சந், செ, பு என்று ஒன்றிரண்டு எழுத்துகள். வானத்தில் சூரியனும் கோள்களும் போகும் பாதையைப் பன்னிரண்டாக வெட்டி, மடித்து, ஒரு சதுரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இதுவரைக்கும் அந்த நேரத்தில் உலகத்தில் பிறந்த எல்லோருக்கும் ஒன்றுதான். பிறகு ஒரு கட்டத்தில் 'ல' என்று எழுதி, சிலர் குறுக்கே ஒரு கோடும் இழுப்பார்கள். லக்னம். குழந்தை பிறந்த நிமிஷத்தில், பிறந்த ஊரின் கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி எழுந்துகொண்டிருந்தது என்பது. வானம் நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. இங்கே எழும் அதே நட்சத்திரம் மும்பையில் எழ ஏறக்குறைய 25 நிமிஷம் கூடப் பிடிக்கும். ஆஸ்பத்திரிக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகமாக ஓடினால் கோடு தப்பிப்போகலாம் என்று பாட்டிமார் சண்டை போட்டது சும்மா இல்லை. அந்த ஒரு எழுத்து விழுந்ததும் வானத்துப் படம் ஓர் ஆளின் படமாகிவிடுகிறது. மூக்கும் இல்லை, முழியும் இல்லை. ஆனால் அது ஓர் உருவப்படம்.

இதை ஓவியமாகக் கண்டுகொண்டவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. இளவயதில் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, பிறகுதான் சென்னை ஓவியப் பள்ளிக்கு வந்து தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம், 1957 முதல் பத்து வருஷம் அதே பள்ளிக்கு முதல்வர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். பாத்திக் துணி விற்ற காசில் ஓவியர்கள் நிலம் வாங்கி ஊர் அமைத்த அந்தக் கதைக்கு இன்னொரு சொற்பொழிவு வேண்டும்.

பணிக்கர் நன்றாக வரையக்கூடிய கை. நீர்வண்ண நிலக்காட்சி வரைந்தார். வான்கோவின் பாதிப்பு இருந்தது. உருவங்கள், தோட்டங்கள் என்று நீளமான பாதை. 1954இல் ஐரோப்பாவுக்குப் போய் லண்டனிலும் பாரிசிலும் படங்களைக் காட்டினார். திரும்பிவந்த பிறகு ஒரு கேள்வி அவரை விடவேயில்லை. இந்தக் கையில் ஓடுவது யாருடைய ஓவியம்? ஐம்பது வயதுக்கு மேல், பேரும் பதவியும் வந்த பிறகு, இதைக் கேட்டுக்கொள்வது லேசில்லை. 1963இல் அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். 1977இல் சாகும்வரை அதை விடவில்லை.

அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றால் முதலில் படிக்கத்தான் தோன்றும். வெளிறிய பரப்பு, பழைய ஏடு மாதிரி. அதில் கட்டங்கள், பத்திகள், அம்புக்குறி, கூட்டல் கழித்தல் குறி, வடிவகணிதக் கோடுகள், இடையிடையே எண்கள். பொடிப் பொடியாக எழுத்து வரிகள். மலையாளம் போல இருக்கும், பக்கத்தில் போனால் எந்த மொழியும் இல்லை. எங்கோ ஒரு மூலையில் மீனோ பறவையோ நுழைந்து உட்கார்ந்திருக்கும். கேரளத்து ஜாதகக் குறிப்பு, அதன் கட்டங்கள், கூடவே ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் பார்த்த பக்கம், இவைதான் வித்து. கோடுகளை அளவுகோல் வைத்து இழுக்கவில்லை. கை நடுக்கமும் மை கனத்ததும் தெரியும். அவசரமாகக் கணித்து எழுதிய ஜோசியர் கையே அது.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். அதே 1963, நவம்பர் 21. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவில், மீனவ கிராமத்து மாதா கோயிலை அலுவலகமாக வைத்துக்கொண்டு, இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டை விட்டார்கள். அது மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்தி வானத்தில் செம்மஞ்சள் மேகம் ஒன்று எழுந்ததைக் கேரளத்திலும் நம் பக்கத்திலும் ஜனங்கள் வீதியில் நின்று பார்த்தார்கள். இதற்கும் பணிக்கருக்கும் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வருஷத்தில் ஒரு கூட்டம் வானத்துக்குப் புகை அனுப்பி அளக்கிறது. இன்னொருவர் சென்னையில் உட்கார்ந்து, நம் பாட்டன்மார் வானத்தை எப்படித் தாளில் இறக்கினார்கள் என்று எடுத்துப் பார்க்கிறார். இரண்டும் அந்தக் காலத்துக்குத் தேவையாக இருந்தன.

பணிக்கர் செய்ததன் சாமர்த்தியம் எங்கே இருக்கிறதென்றால், அவர் ஜாதகத்தைப் படியெடுக்கவில்லை. ஜாதகம் பலன் சொல்லும். இவர் பலனைப் பிடுங்கிவிட்டார். எழுத்தைப் படிக்க முடியாதபடி செய்தது அதற்காகத்தான் என்பது என் எண்ணம். படிக்க முடிந்தால் நீங்கள் 'குரு எங்கே, சனி எங்கே' என்று தேடப் போய்விடுவீர்கள். படிக்க முடியாததால் கோடும் இடமும் மட்டும் மிஞ்சுகின்றன. தன் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டாமல், தன்னைப் பற்றிப் பதினான்கு வருஷம் வரைந்துகொண்டே இருந்தார். முதுகைக் காட்டி நிற்கும் உருவம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

எதிர்க்கட்சியும் உண்டு. படிக்க முடியாத எழுத்து வெறும் அலங்காரம், ஓவியர் பால் க்ளே ஐரோப்பாவில் எப்போதோ செய்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஜாதகம், தாந்திரிகம் என்று எடுத்தது வெளிநாட்டாருக்குக் காட்ட 'இந்தியத்தனம்' தேடியதுதான் என்று கடுமையாகச் சொன்னவர்களும் உண்டு. இரண்டாவது குற்றச்சாட்டில் சத்து இருக்கிறது. ஆனால் அது பணிக்கரைவிட அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கே பொருந்தும். கட்டமும் ஸ்வஸ்திகமும் புள்ளியும் போட்டால் ஆன்மிக ஓவியம் என்று ஆகி, ஹோட்டல் வரவேற்பறைச் சுவரில் போய்த் தொங்கின. 'ல' இல்லாத ஜாதகங்கள்.

புள்ளி என்றதும் ரசாவைச் சொல்லாமல் விடமுடியாது. மத்தியப் பிரதேசத்துக் காட்டுக் கிராமத்தில், படிப்பில் மனம் நிற்காமல் அலைந்த பையனைப் பள்ளி ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி போட்டு அதையே பார்க்கச் சொன்னார். பையன் 1950இல் பிரான்சுக்குப் போய்ப் பெயர் பெற்று, பல வருஷங்கள் கழித்து அந்தப் புள்ளிக்கே திரும்பினார். எஸ்.எச். ரசாவின் 'பிந்து' படங்களைச் சூரியன் என்பார்கள், அண்டத்தின் வித்து என்பார்கள். எனக்கு அது பள்ளிக்கூடச் சுவர்.

நம்மூர்க்காரர் இன்னொருவர், ஆதிமூலம். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். தமிழ்ச் சிறுபத்திரிகை, புத்தக அட்டை என்று எதை எடுத்தாலும் அவர் கோடும் எழுத்தும் இருக்கும். காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஜூனியர் விகடனில் படம் போட்டவரும் அவரே. அப்படி மனித முகத்தையே வரைந்துவந்த கை, எழுபதுகளில் 'வெளிக்குள் வெளி' என்கிற கறுப்பு வெள்ளை வரிசைக்குப் போனது. பிறகு எண்ணெய் வண்ணத்தில் முகமும் இல்லை, கோடும் இல்லை. அகன்ற நிறப் பரப்புகள். நிலமா வானமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. கோட்டால் பெயரெடுத்தவர் கோட்டைக் கைவிட்டது பணிக்கர் ஜாதகத்திலிருந்து பலனைப் பிடுங்கியதைப் போன்ற துணிச்சல். அந்தப் படங்களில் அவர் கத்தியால் வண்ணத்தை இழுத்த தடத்தைப் பாருங்கள். கரிசல் நிலத்தில் உழுத சால்தான் எனக்கு நினைவு வரும்.

மாணவர்கள் இதையெல்லாம் செல்பேசியில் பார்த்துவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பணிக்கர் படத்தில் எழுத்துகள் அவ்வளவு பொடி. விரல்கடைத் திரையில் அவை கலங்கிப்போய் வெறும் அழுக்குப் போலத் தெரியும். சென்னைக்குக் கல்யாணம் காட்சி என்று போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் சோழமண்டலம். சென்னை ஓவியர் இயக்கத்துக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. திருவனந்தபுரம் போனால் அருங்காட்சியக வளாகத்திலேயே பணிக்கருக்குத் தனிக் கூடம். முதலில் தள்ளி நின்று கட்டங்களைப் பாருங்கள், பிறகு இரண்டடி தூரத்துக்கு வாருங்கள். எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று காவலாளியைக் கேட்கவேண்டாம். அவரை ஏற்கெனவே நிறையப் பேர் கேட்டிருப்பார்கள்.